ஒன்பது மில்லிக்கு எவ்வளவு காற்று

“நம்பர் கெடச்சிடுச்சின்னு போன்ல சொன்ன. அப்பறம் எதுக்குடி இந்த ஹெட்டத் தூக்கிக்கினு இங்க வந்த?” என்று அஞ்சலாட்சி கேட்டாள். கலைவாணி ஹெட்டை மேஜைமேல் இறக்கிவைத்தாள்.

தேங்காய்த்திட்டில் படகு இன்ஜின்களைப் பழுது பார்க்கும் பட்டறை அது. லேத் வேலை பக்கிரியுடையது. வால்வு வேலை முழுக்க அவன் பெண்சாதி அஞ்சலாட்சியுடையது. அவளும் கலைவாணியும் கருவடிக்குப்பம் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை ஒரே பெஞ்சு. அதற்குப் பிறகு ஒருத்தி இன்ஜினியரிங் காலேஜில் பாடம் நடத்தப் போனாள். இன்னொருத்தி மில்லில் நூல் சோதிக்கிற அறைக்குப் போய், மில் மூடியதும் புருஷன் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

ஆட்டோவில் வந்து இறங்கிய ஹெட், அதாவது வால்வுகள் உட்கார்ந்திருக்கும் இன்ஜின் மேல்மூடி, முசியே கலியமூர்த்தியின் காருடையது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷன் வாங்குகிறவர் அவர்; அதனால்தான் ஐயாவுக்குப் பதில் முசியே. கார் 1952-இல் பிரான்சில் செய்தது. அதில் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் என்கிற தண்டு தேய்ந்து மொழுமொழுவென்று ஆகிவிட்டது. எங்கெங்கோ எழுதிக் கேட்டு, இன்னும் சாணை பிடிக்காத தண்டு ஒன்றே ஒன்றை வரவழைத்திருந்தார். பிரான்சின் தேசிய நாளான ஜூலை பதினாலாம் தேதி ஊர்வலத்தில் பழைய சிப்பாய்கள் நடப்பார்கள். நடக்கமுடியாமல் போன கூட்டாளிகள் இரண்டு பேரைக் காரில் உட்காரவைத்து, நடக்கிறவர்களுக்குப் பின்னாலேயே, அவர்கள் நடையிலேயே ஓட்டிவர வேண்டும் என்பது அவர் ஆசை.

தண்டை எந்த வடிவத்தில் சாணை பிடிப்பது என்று கம்ப்யூட்டருக்குள் இன்ஜினை ஓட்டிப் பார்த்துச் சொல்வதாக ஒப்புக்கொண்டவள் கலைவாணி. கோயம்புத்தூரில் சாணை பிடிப்பவர் கறாராகச் சொல்லிவிட்டார்: வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் வரைபடம் வரவேண்டும், தவறினால் ஆகஸ்டில்தான். ஒரே தண்டு. தப்பாகப் பிடித்துவிட்டால் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

கம்ப்யூட்டரில் இன்ஜின் ஓடவேண்டுமானால் ஒரு கணக்கு வேண்டும். வால்வு ஒரு மில்லிமீட்டர் திறந்தால் எவ்வளவு காற்று உள்ளே போகும், இரண்டு மில்லி திறந்தால் எவ்வளவு, இப்படி ஒன்பது மில்லி வரைக்கும். அந்தக் கணக்கு இணையத்தில் ஒருவர் ஏற்றியிருந்த பட்டியலில் இருந்தது. யார் அளந்தது, எதை வைத்து அளந்தது என்று அதில் ஒரு வரி இல்லை. அதைப் போட்டு, கம்பெனிக்காரன் வைத்த தண்டின் அளவுகளோடு ஓட்டினால் நாற்பத்தெட்டு குதிரைச் சக்திதான் வந்தது. காரோடு வந்த கையேடோ ஐம்பத்து நாலு என்றது. கம்பெனிக்காரன் பெருமைக்கு ஏற்றிச் சொல்லியிருப்பான் என்று முதலில் நினைத்தாள். மனசு ஆறவில்லை. அதனால்தான் ஹெட்டோடு வந்து நின்றாள்.

அளக்கும் கருவியை இரண்டே நாளில் செய்தார்கள். மாவு மில்லில் கழித்துப்போட்ட ப்ளோவரைப் பக்கிரி ஒரு டிரம்மில் பொருத்தினான். அது ஹெட்டின் வழியாகக் காற்றை இழுக்கும். எவ்வளவு இழுக்கிறது என்பதைத் தண்ணீர் நிரப்பிய இரண்டு கண்ணாடிக் குழாய்கள் காட்டும். இழுக்கிற வேகம் மாறாதிருக்க, ஒன்றில் தண்ணீரை எப்போதும் சிவப்புக் கோட்டிலேயே நிறுத்திவைக்க வேண்டும். இன்னொன்றில் காற்றின் அளவைப் படிக்க வேண்டும்; பட்டியலில் இருந்த அதே அலகில் அதற்குக் கோடுகள் போட்டிருந்தாள் கலைவாணி.

காற்று நுழைகிற துளையின் விளிம்பு கூராக இருந்தால் காற்று சிதறிப்போகும், சுற்றிலும் உருட்டி வளைவு கொடுக்க வேண்டும் என்று கலைவாணி படித்திருந்தாள். பிள்ளைகள் விளையாடுகிற கலர்க் களிமண்ணை வைத்தாள். கத்திரி வெயிலில் அது இளகி உள்ளே போய்விட்டது. வியாழக்கிழமை காலையில் நெல்லித்தோப்பு பேக்கரியில் ரொட்டிக்குப் பிசைந்த மாவில் ஒரு உருண்டை கேட்டு வாங்கிவந்து, துளையைச் சுற்றி அழகாக உதடு மாதிரி வைத்தாள். பக்கிரி பார்த்துவிட்டு, “டீச்சர், சாயங்காலம் டீக்கு ஆச்சு” என்றான்.

ஒரு மில்லி, இரண்டு மில்லி என்று ஏறினார்கள். தண்ணீர் அடங்கி நிற்க ஒவ்வொன்றுக்கும் கால் மணி நேரம் பிடித்தது. அஞ்சலாட்சி குழாயைப் படித்துச் சொல்லச் சொல்லக் கலைவாணி எழுதினாள். ஆறு மில்லிக்கு நாற்பத்தொன்பது. ஒன்பதுக்கு ஐம்பத்திரண்டு. இணையத்துப் பட்டியலும் ஆறுக்கு நாற்பத்தொன்பது, ஒன்பதுக்கு ஐம்பத்திரண்டுதான். கலைவாணிக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. முன்பின் தெரியாத ஒருவரும் தேங்காய்த்திட்டும் ஒரே எண்ணைச் சொன்னால் அதற்கு மேல் என்ன வேண்டும்? பையில் நோட்டை வைத்தாள்.

“எங்க கெளம்பிட்ட? ஏறின படியெல்லாம் எறங்க வேணாமா?” என்றாள் அஞ்சலாட்சி.

மில்லில் அப்படித்தானாம். நூலில் எடையை ஏற்றிக்கொண்டே போய் எழுதினால், இறக்கிக்கொண்டே வந்தும் எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் சோதனைச் சீட்டில் கையெழுத்து. கலைவாணிக்குப் பொறுமை போய்விட்டது. நாளைக்கு வரைபடம் அனுப்ப வேண்டும், எண் ஒத்துப்போய்விட்டது, இது நூல் இல்லை இரும்பு என்றாள். அஞ்சலாட்சி வால்வை எட்டு மில்லிக்கு இறக்கினாள்.

இறங்கும்போது ஆறு மில்லிக்கு நாற்பத்தைந்துதான் வந்தது.

வோல்டேஜ் குறைந்திருக்கும் என்றாள் கலைவாணி. குறைந்தால் சிவப்புக் கோட்டில் தண்ணீர் நின்றிருக்காது என்றாள் அஞ்சலாட்சி. எங்காவது காற்று ஒழுகுகிறதோ என்றதற்கும் அவள் தலையாட்டவில்லை. மூன்று மில்லிக்கு வந்தார்கள். ஏறும்போது முப்பத்தொன்று, இப்போதும் முப்பத்தொன்று. இரண்டு, ஒன்று, எல்லாம் பழையபடி.

அஞ்சலாட்சி குந்தி உட்கார்ந்து ஹெட்டையே பார்த்தாள்.

“தோ பாரு. ஒழுகுனா கீழயும் மாறணும். வால்வு கொஞ்சமா தொறந்திருக்கச்சொல்ல அதான் இடுக்கு, அங்க ஒண்ணும் ஆவல. நல்லா தொறந்தா காத்து நெறய வருது, அப்பதான் எதுலயோ மாட்டிக்குது. அப்ப அடைப்பு வால்வுகிட்ட இல்ல. வாசல்ல இருக்குது.”

சொல்லிக்கொண்டே விரலைத் துளையின் வாய்க்குள் விட்டாள். விட்ட விரலை எடுக்காமல் சிரிக்க ஆரம்பித்தாள்.

“உன் மாவு பொங்கிக்கினு கீதுடி.”

ஈஸ்ட் போட்ட மாவு. மே மாத வெயில். காலையில் மெல்லிய உதடாக இருந்தது மதியத்துக்குள் பொங்கி, வழியை மறித்துவிட்டிருந்தது. ஏறும்போதே மேல்படி எண்கள் எல்லாம் கெட்டுப்போயிருந்தன. அந்தக் கெட்ட எண்தான் பட்டியலோடு பொருந்திப்போயிருந்தது. பக்கிரி ஓடிவந்து பார்த்து, அடுப்பில் வைக்காமலே பொங்கவைத்த டீச்சரைப் பற்றி நெல்லித்தோப்பு வரைக்கும் சொல்லப்போவதாகச் சொன்னான். கலைவாணிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே மாவை வழித்து எடுத்தாள். பையில் வைத்த அந்த நோட்டோடு அவள் வீட்டுக்குப் போயிருந்தால்?

வெள்ளிக்கிழமை காலையில் பக்கிரி படகுக்கு மிஞ்சிய வேப்பங்கட்டையில் ஒரு வளையம் கடைந்து கொடுத்தான். வழவழவென்று வளைந்த வாய், பொங்காத வாய். ஏறினார்கள், இறங்கினார்கள். ஆறு மில்லிக்கு ஏறும்போது ஐம்பத்தொன்று, இறங்கும்போது ஐம்பத்தொன்று. ஒன்பதுக்கு ஐம்பத்தெட்டு. பட்டியலைவிட ஆறு அதிகம். அஞ்சலாட்சி நோட்டை வாங்கிப் பக்கத்தின் அடியில் கையெழுத்துப் போட்டாள். மில் மூடிய பிறகு அவள் கையெழுத்துக் கேட்டு யாரும் வந்ததில்லை.

வீட்டுக்கு வந்து அந்த எண்களைக் கம்ப்யூட்டருக்குக் கொடுத்தபோது கம்பெனிக்காரன் தண்டுக்கு ஐம்பத்து மூன்றரை குதிரைச் சக்தி என்று வந்தது. கையேடு பொய் சொல்லவில்லை. பட்டியலை நம்பிக் கலைவாணி முதலில் போட்டுவைத்திருந்த தண்டு வேறு மாதிரி. காற்று போதாது என்று எண்ணி வால்வை முந்தித் திறந்து பிந்தி மூடும்படி வரைந்திருந்தாள். இப்போது அதே தண்டை உண்மையான எண்ணோடு வேகமாகவும் மெதுவாகவும் ஓட்டிப் பார்த்தாள். வேகத்தில் இன்ஜின் பறந்தது. நடை வேகத்தில் இருமி இருமி நின்றுபோனது. அதை அழித்துவிட்டு, அடக்கமான ஒரு தண்டை வரைந்து நாலரை மணிக்கு அனுப்பினாள்.

ஜூலை பதினாலாம் தேதி கடற்கரைச் சாலையில் சிப்பாய்கள் மெடல்களோடு நடந்தார்கள். பின்னால் முசியே கலியமூர்த்தியின் கார். முன்னே ஒருவர் மூச்சு வாங்க நின்றால் காரும் நின்றது. இன்ஜின் மட்டும் நிற்கவில்லை. ஓரத்தில் அஞ்சலாட்சி கூட்டத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு நின்றாள். கார் தாண்டிப் போன பிறகுதான் கண்ணைத் திறந்தாள்.

புது எண்களை இணையத்தில் ஏற்றிவிட்டதாகக் கலைவாணி அவளிடம் சொன்னாள். அளந்தவர் அஞ்சலாட்சி, தேங்காய்த்திட்டு, ஏறியும் இறங்கியும் என்று மேலே போட்டிருப்பதாகவும் சொன்னாள்.

“மாவப் பத்தி எழுதுனியா?”

“எழுதிட்டேன். யார் வாங்கியாந்ததுன்னும் எழுதிட்டேன்.”

“அப்ப சரி. படிக்கிறவன் நம்புவான்” என்றாள் அஞ்சலாட்சி.