வாய் திறக்காத நாத்தனார்

போர்ட் சயீதில் எங்கள் தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் முதல் குலவை என்னுடையதுதான். பெருமைக்குச் சொல்லவில்லை, துறைமுகத்துக் காவலாளியே காதில் விழுந்ததும் யார் வீட்டில் நிச்சயம் என்று விசாரிப்பான். அப்படிப்பட்ட நான், சொந்தத் தம்பி ஷுக்ரிக்கு மோதிரம் மாற்றிய அன்று உம்மென்று உட்கார்ந்திருந்தேன். கடைவாயில் ஞானப்பல் படுத்திய பாட்டில் தாடை இறுகி, ஒரு விரல் நுழையும் அளவுக்குத்தான் வாய் திறந்தது. நல்ல நாளும் அதுவுமாக நோய்ப் புராணம் எதற்கு என்று யாரிடமும் சொல்லவில்லை. புத்திகெட்டவள்!

மறுநாள் காலையிலேயே பெண்ணின் அம்மா தஹானி மோதிரப் பெட்டியோடு வந்து நின்றாள்.

"மாப்பிள்ளையோட அக்கா குலவை போடலன்னா என்ன அர்த்தம்? எம் பொண்ணு நிர்மீனைப் பிடிக்கலன்னுதானே? இந்தாங்க உங்க மோதிரம்!"

ஷுக்ரியின் முகம் செத்துவிட்டது. நான் கன்னத்தைக் காட்டி, "பல்லு... பல்லு..." என்று முனகினேன்.

"நல்லா நடிக்கிறே ரவ்யா!"

வந்ததே கோபம்! அவள் கையைப் பிடித்துத் தரதரவென்று பல் டாக்டர் மக்ராமிடம் இழுத்துப் போனேன்.

அவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். "பாருங்கம்மா, முளைக்க இடமில்லாம பல்லு குறுக்கே படுத்துக்கிடக்கு. பக்கத்துப் பல்லை முட்டி அதையும் சொத்தையாக்குது. ஈறுக்கடியில சாப்பாடு சிக்கி சீழ் வச்சிருக்கு. மாத்திரையில வீக்கம் வடியும், ஆனா திரும்பத் திரும்ப வரும். நாலு நாள் மாத்திரை போடட்டும், அப்புறம் எடுத்துடலாம்."

தஹானி படத்தைப் பார்த்தாள், என் கன்னத்தைப் பார்த்தாள். "அடிப்பாவி! இதை வச்சுக்கிட்டா எங்க வீட்டுல அவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தே?" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஐந்தாம் நாள் பல் வெளியே வந்தது. "பத்து நாளைக்கு வாயை அகலமாத் திறக்கக் கூடாது, தையல் பிரிஞ்சிடும்" என்றார் டாக்டர். கல்யாணமோ வரும் வியாழன்.

"குலவையை வேற யாராவது போடட்டும்" என்றான் ஷுக்ரி அவசரமாக.

"அதெல்லாம் நடக்காது மாப்ளே!" என்று தஹானி எழுந்து நின்றாள். "கல்யாணத்தைத் தள்ளி வைங்க. ரவ்யா குலவை போடாம எம் பொண்ணு எங்க வீட்டு வாசலைத் தாண்ட மாட்டா!"

பஞ்சைக் கடித்துக்கொண்டு, சிரிக்கவும் முடியாமல் அடக்கவும் முடியாமல் நான் பட்ட பாடு!