ஆக்ஸிலேட்டரில் ஒரு கால்

என் மனைவி வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்புக்கு என் காரைக் கொண்டுபோவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன். அவள் கார் ஏசி மெக்கானிக். நான் டாக்ஸி ஓட்டுகிறேன். சில நாட்களாக என் கார் ஏசியில் குளிர் வரவில்லை. பின்சீட்டில் உட்காருகிறவர்கள் கைக்குட்டையால் விசிறிக்கொண்டு என் பிடரியையே முறைக்கிறார்கள். டாக்டரைக் கட்டிக்கொண்டு ஊரெல்லாம் வைத்தியம் தேடுகிறான் என்று யாராவது சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். எனக்குக் காரணம் இருந்தது. காரணத்தின் பெயர் மீட்டர்.

மீட்டர் அவளோடு வேலை செய்கிறவன். கேஸ் அழுத்தம் பார்க்கும் இரட்டை மீட்டரை எந்நேரமும் கழுத்தில் மாலை மாதிரி போட்டுக்கொண்டு திரிவதால் அந்தப் பெயர். வீட்டில் சாப்பாட்டுத் தட்டில் கை வைத்தால் போதும், பேச்சில் மீட்டர் வந்துவிடுவான். "மீட்டர் இன்னைக்கு ஒரு வண்டிய காதாலயே கண்டுபிடிச்சாரு." "மீட்டர் என்ன சொல்றாருன்னா..." ஆள் அழகனாக இருந்து தொலைத்திருந்தால்கூட மனசு ஆறியிருக்கும். முன்வழுக்கை, பித்தான் தெறிக்கிற தொப்பை. இவனைப் பற்றிப் பேசும்போது இவள் முகம் ஏன் அப்படி மலர வேண்டும்? இரண்டு பேருக்கும் வேலைமேல் ஒரே கிறுக்கு. அந்தக் கிறுக்கை நான் எந்தக் கடையில் போய் வாங்குவது?

போதாக்குறைக்கு மீட்டர் தனியாகக் கடை போடுகிறானாம். இவளைச் சரிபாதி பங்குக்குக் கூப்பிட்டிருக்கிறான். போர்டில் இவள் பெயரும் இருக்குமாம். கல்யாணமான புதிதிலிருந்து அவள் ஆசைப்பட்டது அந்த ஒன்றுக்குத்தான், எனக்குத் தெரியாததல்ல. கேட்டபோது "பாக்கலாம்" என்றேன். மறுபடி கேட்டாள். "பாக்கலாம்னு சொன்னேன்ல" என்று எரிந்து விழுந்தேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கடைக்குப் பார்த்துவைத்த இடத்துக்காரருக்கு இன்று சாயங்காலத்துக்குள் மீட்டர் பதில் சொல்ல வேண்டும் என்பது மட்டும் என் காதில் விழுந்திருந்தது.

காரை வேறொரு கடையில் காட்டினேன். கேஸ் நிரப்பி அனுப்பினார்கள். கடை வாசலைத் தாண்டும்போது ஐஸ்தான். முதல் சிக்னலில் நின்றதும் அடுப்படி. இன்று காலை ஒரு பெரியவர், "இதுக்கு நான் நடந்தே போயிடுவேன்பா" என்று நடுவழியில் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். வைராக்கியத்தை மூட்டை கட்டிவிட்டு ஒர்க்‌ஷாப்புக்கு வண்டியை விட்டேன்.

"வாங்க வாங்க," என்றான் மீட்டர், பல்லெல்லாம் தெரிய. என் மனைவி பானெட்டைத் தூக்கினாள். வீட்டில் நான் அவளுக்கு 'நீ'. நாலு பேர் முன்னால் 'நீங்க'.

"வெளியில யாராச்சும் கை வச்சாங்களா?" என்று கேட்டாள்.

"ச்சே, யாரு வைப்பாங்க?"

கேஸ் வால்வின் மூடியில் யாருடைய விரல் கிரீஸோ அப்படியே ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தாள். இருந்த கேஸை எடுத்துவிட்டு, அளவாக மறுபடி ஏற்றினாள்.

"எப்ப குளிருது, எப்ப குளிரலைன்னு சொல்லுங்க."

"குளிரல. அவ்வளவுதான்." மீட்டர் பக்கத்தில் நின்று தலையாட்டிக்கொண்டிருக்கும்போது எனக்கு அதற்குமேல் வாய் வரவில்லை.

அவர்கள் வேலை செய்கிற முறை ஒன்று உண்டு. கதவுகளைத் திறந்துவைத்து, ஏசியை முழுசாகப் போட்டு, ஒருவர் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து ரேஸைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இன்ஜின் ஒரே வேகத்தில் ஓடினால்தான் மீட்டர் முள் உண்மை பேசும். "ஆடாம புடிச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு அவள் முன்பக்கம் போனாள்.

தூக்கி நிறுத்திய பானெட் இரண்டு பேர் முகத்தையும் மறைத்துவிட்டது. அடியில் இருந்த இடுக்கு வழியாக நான்கு கைகள் மட்டும் தெரிந்தன. அவள் கை ஒரு குழாயைத் தொட்டது. அவன் கையும் அதே குழாயைத் தொட்டது. சூடு பார்க்கிறார்களாம். மீட்டர் ஏதோ முணுமுணுத்தான். அவள் சிரித்தாள்.

என்ன சொன்னான்? இன்ஜின் இரைச்சலில் ஒரு மண்ணும் கேட்கவில்லை. காலை லேசாகத் தளர்த்தினேன். இரைச்சல் தணிந்தது. அதற்குள் அவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். மறுபடி மிதித்தேன். மறுபடி சிரிப்பு. மறுபடி தளர்த்தினேன். என் வயிறு எரிந்த எரிச்சலில் அந்த இன்ஜினையே ஓட்டியிருக்கலாம்.

இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. மீட்டர் பானெட்டுக்குப் பக்கவாட்டில் தலையை நீட்டினான். "கம்ப்ரஸர் போச்சுங்க. அழுத்தம் நிக்கவே மாட்டேங்குது, பொசுக்கு பொசுக்குனு எறங்குது. கழட்டிட வேண்டியதுதான். வண்டி நம்மகிட்டயே இருக்கட்டும்."

வண்டி நின்றால் என் பிழைப்பு நிற்கும். அதைவிட, என் வண்டியைச் சாக்கு வைத்து இவர்கள் இன்னும் சில நாள் தலையோடு தலை சேர்த்துக் குனிந்திருப்பார்களே என்றுதான் முதலில் தோன்றியது.

என் மனைவி கதவருகே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது காலைப் பார்த்தாள்.

"நீங்க எறங்குங்க. மீட்டர், நீங்க உக்காந்து ரேஸ் புடிங்க."

என் கையில் டார்ச்சைக் கொடுத்து முன்னால் நிறுத்தினாள். மீட்டர் பிடித்த ரேஸில் இன்ஜின் ஒரே சுருதியில் ஓடியது. முள் இறங்கவில்லை. நின்ற இடத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் ஏற ஆரம்பித்தது. ஏறிக்கொண்டே போனது.

"எறங்கலையே," என்றேன், அசடு வழிய.

"லைட்ட இப்படிக் காட்டுங்க." ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த சின்ன பேன் நின்றுபோயிருந்தது. நான் முன்னால் வந்து நின்றபோது அது சுற்றிக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன். ஸ்க்ரூடிரைவர் கைப்பிடியால் அதன் மோட்டாரில் ஒரு தட்டுத் தட்டினாள். திடுக்கிட்டு எழுந்த மாதிரி பேன் சுற்றத் தொடங்கியது. முள் இறங்கியது. உள்ளே மீட்டர் குளிர்காற்றில் கையை நீட்டி, "அடடா, ஐஸு!" என்று கத்தினான்.

"மோட்டார் சூடானா நின்னுடுது," என்றாள். "வண்டி ஓடுறப்ப எதிர்காத்து காப்பாத்துது. நின்னா மாட்டிக்குது."

"அப்ப சிக்னல்ல மட்டுந்தான் அனலடிச்சிருக்கும்?" என்று மீட்டர் என்னைக் கேட்டான்.

"ம்."

"அத மொதல்லயே சொல்லியிருந்தா பாதி வேலை மிச்சம்ங்க," என்று சிரித்துக்கொண்டே மோட்டார் வாங்க ஸ்பேர் கடைக்குக் கிளம்பினான்.

நாங்கள் இருவர் மட்டும் நின்றோம். அவள் கை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "கம்ப்ரஸர் நல்லாத்தான் இருக்குன்னு எனக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு."

"எப்படி?"

"நான் சிரிச்சா முள்ளு எறங்குது. சிரிக்கலைன்னா எறங்கல. இது என்னடா கூத்துன்னு ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் சிரிச்சுப் பாத்தேன். அப்பவும் எறங்குச்சு. பாவம் மீட்டர், தான் அவ்வளவு நல்லா ஜோக்கடிச்சோமான்னு முழிச்சாரு."

பூமி பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

"அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னா யாருக்குக் கேவலம்?" துணியை வீசி எறிந்தாள். "நான் கடைக்கு வரலைன்னு சொல்லிடப்போறேன்."

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். உச்சி குளிர்ந்துவிட்டது. வெட்கங்கெட்ட சந்தோஷம்.

"நீ வேணாம்னு சொல்லியிருந்தா சண்டை போட்டு ஜெயிச்சிருப்பேன்," என்றாள். "நீதான் எதுவும் சொல்ல மாட்டியே. நான் அங்க சிரிக்கிறப்ப இங்க ஒருத்தன் காது குடுத்துக்கிட்டு உக்காந்திருக்கான்னு நெனச்சுக்கிட்டே என்னால வேலை பாக்க முடியாது. எனக்கு சிரிக்காம வேலை வராது."

குரல் உடையவில்லை. உடைந்திருந்தால் சமாதானம் செய்திருப்பேன். என் காரின் பழைய பேனைக் கழற்ற ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தாள். நட்டை மூன்று தடவை பார்த்து ஸ்பேனர் வைத்தாள், மூன்று தடவையும் வழுக்கியது. வேலையில் அவள் கை வழுக்கி நான் பார்த்ததே இல்லை. அந்தச் சந்தோஷம் எங்கே போனதென்று தெரியவில்லை.

மீட்டர் புது மோட்டார் பெட்டியோடு வந்தான். "இடத்துக்காரர் போன் பண்ணிட்டாரு. என்ன சொல்லட்டும்? வரீங்கல்ல?"

அவள் நிமிர்ந்தாள். "இல்ல மீட்டர்..."

"வருவா," என்றேன்.

மீட்டர் முகமெல்லாம் வெளிச்சம். "அப்ப உங்களுக்குச் சம்மதம்!"

"எனக்குச் சம்மதம் இல்ல. வயிறு எரியுது," என்றேன். "எரிஞ்சா அது என் பாடு. அவ வரட்டும்."

மீட்டர் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் புரியாமல் நின்றான். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள்.

"அத நான் சொல்லணும்," என்றாள். பிறகு என் பக்கம் பார்க்காமல் அவன் பக்கம் திரும்பிச் சொன்னாள்: "வரேன்."