அஃப்ராவின் பாவாடையில் மூன்று கோடு

மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி வரும் கூட்டம் ரங்கநாதன் தெருவுக்குள் புகுவதற்குக் கொஞ்சம் முன்னால், ஓரமாக ஒரு பெரிய குடை. குடைக்குக் கீழே ஒரு தையல் மெஷின். மெஷினுக்குப் பின்னால் ஹபீபுர் ரஹ்மான். ஜாக்கெட் இறுக்கமா, பேண்ட் நீளமா, ஜிப் போய்விட்டதா, எல்லாவற்றுக்கும் அவரிடம்தான் வர வேண்டும். எதிரே இருக்கும் பெரிய ஜவுளிக்கடையின் ஆல்டரேஷன் மூட்டையும் தினம் காலையில் அவரிடம்தான் வரும். அந்த மூட்டையை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள் அஃப்ரா, பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாபினில் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எட்டாம் வகுப்பு, தமிழ் மீடியம். அப்போது அதே பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் மீடியம் படிக்கும் சரண்யா ஒரு கவரைத் தூக்கிக்கொண்டு வந்தாள். எதிர்க்கடை முதலாளி சுயம்புலிங்கத்தின் பெண்.

"பாய், இந்த யூனிஃபார்ம் பாவாடைல மூணு கோடு வரணும். ஹெச்செம் மேடம் சொன்னாங்க. நாளைக்கே வேணும்."

ஹபீபுர் ரஹ்மான் பாவாடையை விரித்துப் பார்த்தார். கடையிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுத்துணி, மொடமொடவென்று இருந்தது.

"இன்னாம்மா கோடு? லேஸ் வெச்சு தெச்சுடவா?"

"லேஸ் இல்ல பாய். இதோ, இவ பாவாடைல இருக்கே, அந்த மாதிரி."

சரண்யா கை காட்டியது அஃப்ராவின் பாவாடையை. காட்டிய பிறகுதான் அதில் இருப்பது யார் என்று பார்த்தாள். முகம் சுண்டிப்போயிற்று.

"என் பாவாடை மாதிரி உனக்கு எதுக்குடி?" என்றாள் அஃப்ரா.

சரண்யா கவரின் காதைத் திருகினாள். "என்னைத் திட்டாத. புதன்கிழமை ஜப்பான்காரங்க கூட மீட்டிங்ல, நான்தான் அஃப்ரா."

அஃப்ராவின் கையிலிருந்த பாபின் உருண்டு நடைபாதைக்குப் போனது. யாரோ அதை மிதித்துக்கொண்டு போனார்கள்.

இந்த மீட்டிங் என்னவென்று சொல்லிவிட வேண்டும். அந்தப் பள்ளிக்கூடத்தில் மணிமொழி என்று ஒரு சயின்ஸ் டீச்சர். ஜப்பானில் கடலோரமாக ஒரு சின்ன ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஓனோ என்கிற வாத்தியாரோடு மாதக்கணக்கில் மெயிலில் பேசிப் பேசி, இரண்டு பள்ளிக்கூடமும் சேர்ந்து ஒரு ஆன்லைன் மாணவர் பரிமாற்றத்தை உருவாக்கியிருந்தார். இங்கே ஒரு பிள்ளை, அங்கே ஒரு பிள்ளை, இரண்டு பேரும் ஒரு ஜோடி. தினம் கையில் படும் ஒரு சாதாரணப் பொருளை எடுத்துக்கொண்டு, உங்கள் ஊரில் இது எப்படி, எங்கள் ஊரில் எப்படி என்று ஆறு வாரம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ள வேண்டும்.

அதற்கு மூன்று விதிகள். பிள்ளைகள் படம் இன்டர்நெட்டில் அலையக் கூடாது என்பதால் கடைசி நாள் வரை முகம் காட்டக் கூடாது. பிள்ளைகள் எழுதும் இங்கிலீஷை டீச்சர்கள் திருத்தக் கூடாது. கடைசி நாள் வீடியோவில், எந்த ஜோடி வேலை செய்ததோ அந்த ஜோடிதான் பேச வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர் தலைமையாசிரியை சுலோச்சனா. படித்துப் பார்த்தவர் மணிமொழி மட்டும்.

அஃப்ராவின் ஜோடி ஹருகா என்ற பெண். இருவரும் எடுத்துக்கொண்ட பொருள் யூனிஃபார்ம். அஃப்ரா தன் பாவாடையைப் படம் எடுத்து அனுப்பினாள். ஆறாம் வகுப்பில் தைத்த பாவாடை அது. வளர்கிற பெண் என்று அத்தா துணியை உள்ளுக்குள் மடித்து மூன்று டக்ஸ் பிடித்துத் தைத்திருந்தார். அவள் வளர வளர ஒவ்வொரு டக்ஸாகப் பிரித்துவிட்டார். மற்ற இடமெல்லாம் வெளுத்திருக்க, பிரித்த இடம் மட்டும் கரு நீலமாகக் கோடு போட்டதுபோல நிற்கும். மூன்று கோடும் மூன்று நீலம். ஹருகாவிடமிருந்து பதிலுக்கு ஒரு சட்டைக்கை படம் வந்தது. அவள் அம்மாவும் பெரிய அளவில் வாங்கிக் கையை உள்ளே மடித்துத் தைத்து, போன வருஷம்தான் பிரித்தாளாம். அதில் ஒரு கோடு. "நீ என்னை விட இரண்டு கோடு பெரியவள்" என்று எழுதியிருந்தாள். அந்த வரியை அஃப்ரா எத்தனை தடவை படித்தாள் என்று அவளுக்கே தெரியாது.

"என் பேர்ல நீ பேசுவியா?" அஃப்ராவின் குரல் நடுங்கவில்லை. அதுதான் சரண்யாவைப் பயமுறுத்தியது.

"நானா கேட்டேன்? எங்கப்பா ஸ்கூலுக்கு அந்த பெரிய டிவி வாங்கி குடுத்தாருல்ல, அதுக்காக மேடம் என்னை உக்கார வெக்கறாங்க. எனக்கு இங்கிலீஷ் நல்லா வருதாம். உன் மூஞ்சிய அவங்க பாத்ததே இல்லியாம், அதனால தெரியாதாம். அந்தப் பொண்ணு கோட்டைக் காட்டுன்னு கேட்டா என்ன பண்றதுன்னுதான் இது."

ஹபீபுர் ரஹ்மான் புதுப்பாவாடையை மடித்தார். நிதானமாக, மூலைக்கு மூலை வைத்து மடித்துக் கவரில் போட்டார்.

"இது நம்மால ஆவாதும்மா. அந்தக் கோட்டை நான் தெக்கல. மூணு வருசத்து வெயிலும் தொவையலும் போட்ட கோடு அது. ஒரு நாள்ல எந்த மெஷினாலயும் வராது. மேடம்கிட்ட பாய் அப்டி சொன்னாருன்னு சொல்லு."

சரண்யா போனதும் அஃப்ரா எழுந்து நின்றாள். "அத்தா, நீ நாளைக்கு ஸ்கூலுக்கு வந்து கேளு."

அவர் கண் எதிரே இருந்த கடைக்குப் போனது. "வாணாம் கண்ணு. அவங்க மூட்டை வர்லன்னா நமக்கு இன்னா கீது? ஒரு வீடியோ தானே. போனா போவுது, விடு."

"வீடியோ போனா போவட்டும் அத்தா. என் பேரை எடுத்துகினு போறாங்களே, அது?"

ஹபீபுர் ரஹ்மான் குனிந்து மெஷினை மிதித்தார். ஊசியில் நூலே இல்லாமல் மிதித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அஃப்ரா நேராக மணிமொழியிடம் போனாள். மணிமொழிக்கு இந்தத் திட்டம் முன்பே தெரியும். தெரிந்ததோடு இல்லை, தலையும் ஆட்டியிருந்தார். ஆறு வருஷமாகத் தற்காலிக வேலை. நிரந்தரம் ஆவதற்கான கடிதம் சுலோச்சனாவின் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. "ஆனாலும் மேடம், விதி..." என்று அவர் ஆரம்பித்தபோது, "விதியாவது ஒண்ணாவது! டிரஸ்டிங்க எல்லாம் வந்து உக்காருவாங்க. வெளுத்துப்போன பாவாடையும் ஓட்ட இங்கிலீஷும் தான் நம்ம ஸ்கூலுன்னு காட்டணுமா?" என்று சுலோச்சனா முடித்துவிட்டார்.

"மிஸ், என்னை ஏன் எடுத்துட்டீங்க?"

"அடுத்த வருஷம் உன்னையே முதல்ல போடறேன்டா."

"அடுத்த வருஷம் ஹருகா இருப்பாளா மிஸ்?"

மணிமொழி கையிலிருந்த ரெக்கார்டு நோட்டைத் திறந்தார். மூடினார்.

"எழுதினது நான்தானே மிஸ்? தப்பு தப்பா இருந்தாலும் பரவால்ல, சொந்தமா எழுதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்ப தப்பு பண்ண நான் வேணும். இப்ப பேசறதுக்கு வேற ஆளா?"

பெல் அடித்தது. அஃப்ரா போய்விட்டாள். அன்றைக்கு மதியம் மணிமொழி சாப்பாட்டு டப்பாவை அப்படியே மூடி வைத்தார்.

புதன்கிழமை காலையில் அஃப்ரா கண் விழித்தபோது, அத்தா தரையில் போர்வையை விரித்து அவளுடைய பாவாடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அம்மா அமீனா பீ டீ கிளாஸோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

"இன்னாங்க, அந்தக் கோடு மேலயே அழுத்தி அழுத்தித் தேய்க்கறீங்க? மறையணும்னா?"

"மறையறதுக்கு இல்ல. நல்லா தெரியறதுக்கு." அவர் மகளைப் பார்த்தார். "மூட்டை வந்தா வருது, வராட்டி போவுது. பாண்டி பஜார்ல போய் உக்காந்தாலும் கிழிஞ்ச துணி வரும். நீ போய் உன் எடத்துல உக்காரு."

பத்து மணிக்கு ஜப்பானில் மதியம் ஒன்றரை. லேப் ரூமில் பெரிய டிவி. முன் வரிசையில் டிரஸ்டிகள், அவர்களோடு சுயம்புலிங்கம். கேமராவுக்கு முன்னால் நாற்காலியில் சரண்யா. மற்ற ஜோடிப் பிள்ளைகள் சுவரோரமாக உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தார்கள். மணிமொழி லேப்டாப்புக்குப் பக்கத்தில் நின்றார். அழைப்பு வரும் சத்தம் கேட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு அஃப்ரா உள்ளே வந்தாள். நடந்து நேராக நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஏய், உன்னை யாரு இங்க கூப்ட்டா?" சுலோச்சனா பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்.

"ஹருகா கூப்ட்டா மேடம்."

சுவரோரத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"வெளிய போ. அப்புறம் பேசிக்கலாம்."

"போக மாட்டேன் மேடம். என் பேரு சொல்லி கூப்புடுவா, நான் பதில் சொல்லணும்."

சரண்யா சட்டென்று எழுந்துவிட்டாள். "இந்தா, உக்காருடி. சீட்டை சூடு பண்ணி வெச்சிருக்கேன்" என்று முணுமுணுத்துவிட்டு சுவரோரம் போனாள். "என்னம்மா, நீ பேசலியா?" என்று சுயம்புலிங்கம் கேட்டதற்கு, "அது என் பாடம் இல்லப்பா, அவளோடது" என்றாள். சுயம்புலிங்கம் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனைப் பார்க்க ஆரம்பித்தார்.

அழைப்பு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது. "மணிமொழி, அதை கட் பண்ணுங்க. நெட் போயிடுச்சுன்னு மெயில் போட்டுக்கலாம்" என்றார் சுலோச்சனா.

மணிமொழி அஃப்ராவைப் பார்த்தார். பாவாடையின் மூன்று கோடும் கத்தி மாதிரி நேராக நின்றன. கையெழுத்துக்குக் காத்திருக்கும் கடிதம் ஒரு நொடி கண் முன் வந்து போனது. விரலை நீட்டி அழைப்பை எடுத்தார்.

திரையில் குட்டை முடியோடு ஒரு பெண் தெரிந்தாள். பயத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கையில் ஒரு சீட்டு. அதைப் பார்த்துத்தான் படித்தாள். "ஹலோ அஃப்ரா. மை இங்கிலீஷ் இஸ் ஸ்மால். சாரி."

முன் வரிசை நிமிர்ந்து உட்கார்ந்தது. வெளிநாட்டுப் பிள்ளை என்றால் மடமடவென்று இங்கிலீஷில் கொட்டும், நம் பிள்ளைகள் மானத்தை வாங்கும் என்றல்லவா சுலோச்சனா நினைத்திருந்தார்!

அஃப்ராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நோ சாரி ஹருகா. மை இங்கிலீஷ் ஆல்சோ ஆல்டரேஷன். எவ்ரி இயர் லிட்டில் லாங்."

ஓனோ வாத்தியார் ஜப்பானிய மொழியில் ஏதோ சொல்ல, ஹருகா கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தன் சட்டைக்கையைக் கேமராவுக்கு நேரே நீட்டினாள். ஒரு கோடு. அஃப்ரா நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள்.

"ஒன். டூ. த்ரீ," என்று அங்கிருந்து ஒரு வகுப்பே எண்ணியது.

அதற்கப்புறம் இருபது நிமிஷம் இரண்டு பெண்களும் பேசினார்கள். வார்த்தை கிடைக்காத இடத்தில் துணியைக் காட்டினார்கள். மெஷினில் டக்ஸ் பிடிப்பது எப்படி என்று அஃப்ரா கையை ஆட்டி மிதித்துக் காட்டியபோது, டிரஸ்டிகளில் ஒருவர் தன்னை மறந்து கை தட்டினார். சுலோச்சனா தட்டவில்லை.

கடையிலிருந்து மறுநாள் மூட்டை வரவில்லை. ஹபீபுர் ரஹ்மான் நாள் முழுக்க ஜிப் மாற்றினார். அதற்கு அடுத்த நாள் மூட்டை வந்தது. கடையில் யாரும் எதுவும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

மணிமொழிக்கு மூட்டைக்குப் பதில் மெமோ வந்தது. நிர்வாகத்தின் உத்தரவை மீறியதற்கு இருபத்து நான்கு மணி நேரத்தில் எழுத்தில் விளக்கம் தர வேண்டும்.

"மன்னிச்சிடுங்கன்னு ஒரு வரி எழுதிட்டு போயிடுங்க" என்றார் சுலோச்சனா. "உங்க லெட்டர் இன்னும் என் டேபிள்லதான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"இருக்கட்டும் மேடம், அங்கியே இருக்கட்டும். மன்னிப்பு நான் ஏற்கெனவே கேட்டுட்டேன். கேக்க வேண்டிய பொண்ணுகிட்ட."

அங்கேயே நின்று, அதே மேஜையில் தாளை வைத்து விளக்கத்தை எழுதினார். எழுதி முடித்து ஒரு நகலை ஸ்டாஃப் ரூம் போர்டிலும் குத்திவிட்டு வகுப்புக்குப் போனார். இடைவேளையில் எல்லோரும் சுற்றி நின்று படித்தார்கள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

"பரிமாற்றம் என்றால் நம்மிடம் இருப்பதைக் கொடுத்து, அவர்களிடம் இருப்பதை வாங்குவது. வெளுத்த பாவாடையோடும் உடைந்த ஆங்கிலத்தோடும் ஒரு பிள்ளை செய்த வேலையை, வேறு பிள்ளையின் முகத்தில் ஒட்டிக் காட்டுவது பள்ளிக்கூடத்துக்குப் பெருமை அல்ல, திருட்டு. நம் பிள்ளைகளை நாமே ஒளித்து வைத்துவிட்டு உலகத்தோடு கைகோக்க முடியாது. முதலில் அந்தத் திருட்டுக்கு நான் தலையாட்டினேன். இனி ஆட்ட மாட்டேன்."