மூன்று ஊர்களில் உயிரோடிருந்தவள்

என் மனைவி மரிவோன் செத்து ஏழு மாதம் முடிந்திருந்தது. அக்டோபர் வந்ததும் வழக்கம்போல ஒயின் வாங்கக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். வழக்கம் என்று சொல்ல எனக்கே சிரிப்பு வருகிறது. முப்பத்தோரு வருட வழக்கத்தில் என் பங்கு ஸ்டியரிங்கைப் பிடிப்பது மட்டும்தான். மோந்து பார்ப்பது, வாயில் வைத்துக் கொப்பளிப்பது, திராட்சைத் தோட்டக்காரர் மூஞ்சிக்கு நேராகக் குறை சொல்வது எல்லாம் அவள். நான் சோமூர் நகரத்தில் டவுன் பஸ் ஓட்டியவன். எனக்குச் சாலை தெரியும், ஒயின் தெரியாது. ஓட்டுகிறவன் குடிக்கக் கூடாது என்று அவள் எனக்கு ஒரு வாய்கூடத் தந்ததில்லை. மிச்சத்தையும் அவளே குடித்துவிடுவாள்.

மூன்று ஊர், ஒயின் வைக்கும் மூன்று நிலவறை. சிவப்புக்கு ஷினோன், வெள்ளைக்கு வூவ்ரே, கடைசியில் மலைமேல் இருக்கும் சான்செர். கடைசி இரண்டு வருடம் அவளுக்கு முழங்கால் மடங்கவில்லை. நிலவறைப் படிகளில் இறங்க முடியாமல் காரிலேயே உட்கார்ந்திருப்பாள். தோட்டக்காரர்களே கண்ணாடிக் கோப்பையை ஏந்திக்கொண்டு கார் ஜன்னலுக்கு வருவார்கள். ராணி மாதிரி கையை நீட்டி வாங்குவாள்.

எங்கள் ஊரில் பழகியவர்கள் பார்த்துக்கொண்டால் கன்னத்தில் நான்கு முத்தம். அடக்கத்தன்று ஊரே வரிசையில் வந்து நான்கு நான்காக வைத்துவிட்டுப் போனது. அதோடு சரி. எங்களுக்கு வந்த சிநேகிதம் எல்லாம் அவள் சம்பாதித்தது. இப்போது அந்தப் பெண்கள் என்னைத் தெருவில் பார்த்தால் எதிர்ப்பக்கத்திலிருந்து தலையைச் சாய்த்து ஒரு 'ஐயோ பாவம்' முகத்தைக் காட்டிவிட்டு நடையை எட்டிப் போடுகிறார்கள். அடக்கத்துக்குப் பிறகு என் முகத்தை ஒரு மனுஷ ஜீவன் தொடவில்லை. முடிவெட்டுகிறவன் காதைத் தொட்டான், அவ்வளவுதான்.

காலை ஒன்பது மணிக்கு ஷினோனில் ஆற்றுப் பாலத்தைத் தாண்டி லூசியன் வீட்டு முற்றத்தில் காரை நிறுத்தினேன். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். "லூசியன், மரிவோன் மார்ச் மாசம் போயிட்டா." ஒரே வரி. ஒரு பஸ் டிரைவரால் சொல்ல முடியாத வரி இல்லை.

லூசியன் கீழே நிலவறையில் பீப்பாய்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தான். என்னைவிட நான்கு வயது பெரியவன், தொப்பை பத்து வயது பெரியது.

"வாய்யா சோமூர்க்காரா! வீட்டம்மா எங்க? மேல கார்ல உக்காந்து என்னைத் திட்டிக்கிட்டு இருக்காங்களா?"

வாயைத் திறந்தேன். மனப்பாடம் செய்த வரி வரவில்லை.

"ஆமா, கார்லதான் இருக்கா. முழங்கால்."

"பாவம். இரு, நானே கொண்டு போய்க் குடுக்கறேன். போன வருஷம் என் ஒயின்ல மாட்டுக் கொட்டகை வாடைன்னு சொன்ன அம்மா அது. இந்த வருஷம் என்ன சொல்லுதுன்னு பாக்கணும்."

கோப்பையை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினேன். "வேண்டாம்ப்பா. தலை வாரலையாம். யாரும் பாக்கக் கூடாதாம்."

"அந்த ராங்கி மட்டும் போகவே போகாது!" என்று சிரித்தான்.

மேலே வந்தேன். காரின் ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் குனிந்து நின்றேன். வீட்டுக்குள்ளிருந்து யாராவது பார்த்தால் பேசிக்கொண்டிருப்பதாகத் தெரியட்டும் என்று உதட்டைக்கூட அசைத்தேன். பிறகு ஒயினை மரத்தடியில் கொட்டிவிட்டுக் காலிக் கோப்பையோடு இறங்கினேன்.

"என்ன சொன்னா?"

"போன வருஷத்தைவிட முரடுன்னா. ஆனா மாட்டை வெளிய ஓட்டிட்டீங்களாம்."

லூசியன் தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான். "அந்த நாக்கைப் பாத்தியா! அப்படியே சொல்லுது! ரெண்டு வருஷம் பீப்பாயிலயே வைக்கணும்னு நானும்தான் என் மகன்கிட்ட அடிச்சுக்கறேன்."

உள்ளதைச் சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இல்லை. சந்தோஷமாக இருந்தது. ஏழு மாதமாக எங்கள் ஊரில் மரிவோன் 'இருந்தாள்', 'செய்தாள்', 'சொல்வாள்' என்று முடிந்துபோனவளாகவே இருந்தாள். இங்கே ஒருவன் அவளோடு இன்றைக்குச் சண்டை போடுகிறான். உலகத்தில் அவள் சாகாத இடங்கள் இன்னும் மூன்று மிச்சம் இருக்கின்றன என்று அப்போதுதான் உறைத்தது. நான் வாயைத் திறந்தால் இரண்டாகிவிடும். எனக்கு மனசு வரவில்லை.

ஆறு பாட்டில் பெட்டியை டிக்கியில் வைக்காமல் அவள் உட்காரும் இடத்தில் வைத்தேன். காலி இருக்கையைப் பார்த்துக்கொண்டு ஓட்டுவது கண்ணை உறுத்தியது. காரை எடுத்ததும் பெல்ட் போடச் சொல்லி அது கத்தத் தொடங்கியது. நிறுத்தி, பெட்டிக்குப் பெல்ட் மாட்டிவிட்டேன். கத்தல் நின்றது.

வூவ்ரேயில் வெள்ளைப் பாறையைக் குடைந்த நிலவறை. அதை இப்போது பார்த்துக்கொள்வது பழைய முதலாளியின் மகன் பஸ்தியன். வாசலிலேயே ஒரு குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றான். ஆறு மாதப் பெண் குழந்தை, அப்பன் மூக்கு, பாவம்.

"அம்மா கார்லயா சார்? இவளைக் காட்டணும். போன வருஷம் வந்தப்ப என் சம்சாரம் மாசமா இருக்கான்னு மொதல்ல கண்டுபிடிச்சதே அவங்கதான். குல்லா பின்னித் தர்றேன்னு சொன்னாங்க."

காரை நோக்கி நடக்கவே தொடங்கிவிட்டான். நான் குறுக்கே போய் நின்றேன்.

"தூங்கறாப்பா. ராத்திரி முழுக்க வலி. எழுப்பாதே."

"ஐயோ, எழுப்ப வேண்டாம், எழுப்ப வேண்டாம். குல்லா?"

"பின்னிக்கிட்டிருக்கா."

அந்தக் குல்லா எங்கள் வீட்டில் கூடைக்குள் பாதியில் நிற்கிறது. ஊசிகூட இன்னும் அதிலேயே செருகியிருக்கிறது. பஸ்தியன் குரலைத் தாழ்த்திக்கொண்டு, காரில் தூங்குபவள் விழித்துவிடக் கூடாது என்று வெள்ளை ஒயின் பெட்டியைச் சத்தமில்லாமல் டிக்கியில் வைத்தான். டிக்கியை மூடும்போது ஒரு கையால் அமுக்கி, கிளிக் என்ற ஓசைகூட வராமல் மூடினான். அவன் ஒருமுறை நிமிர்ந்து பார்த்திருந்தால் பெல்ட் போட்ட பெட்டியைக் கண்டிருப்பான். மரியாதைக்காகப் பார்க்கவில்லை. அங்கேதான் எனக்கு வெட்கம் வந்தது. சாலையில் ஏறியதும் என்னையே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டேன்.

வழியில் அம்புவாஸ் ஊரில் கோட்டைக்குக் கீழே இருந்த கடையில் பன்றித்தொடைக் கறி வைத்த நீள ரொட்டி வாங்கினேன். கடைக்காரி கேட்பதற்கு முன்பே "ரெண்டா வெட்டிக் குடுங்க" என்று சொல்லிவிட்டேன். ஒரு பாதியைத் தின்றேன். மறு பாதி காகிதத்தோடு பெட்டிமேல் சான்செர்வரை வந்தது.

புளோவாவில் பாலத்தருகே சாமந்தித் தொட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நவம்பர் முதல் தேதி கல்லறைகளுக்கு வைக்கிற பூ. எங்கள் பக்கத்தில் அந்தத் தொட்டியை உயிரோடிருப்பவருக்கு யாரும் வாங்க மாட்டார்கள், விருந்துக்கு எடுத்துப்போனால் வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். மஞ்சளில் ஒன்று வாங்கினேன்.

"யாருக்குங்க?" என்றாள் பூக்காரி.

"பொண்டாட்டிக்கு. மார்ச்ல போயிட்டா."

எவ்வளவு சுலபமாக வந்தது! முன்பின் தெரியாதவளிடம் உண்மை, முப்பது வருடம் தெரிந்தவர்களிடம் பொய். தொட்டியைப் பின்னிருக்கையில் வைத்து, சாயாமல் இருக்க என் கோட்டை அணை கொடுத்தேன். பஸ் ஓட்டும்போது இத்தனை மடத்தனம் செய்திருந்தால் ஒரு பயணியும் உயிரோடு இறங்கியிருக்க மாட்டான்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேர ஓட்டம். மரிவோன் இருந்தால் திருப்பம் தாண்டிய பிறகு "இங்க வலது பக்கம்" என்பாள். நான் கத்துவேன். அவள் "நீ வேகமாப் போனா நான் என்ன பண்றது" என்பாள். இன்றைக்கு ஒரு திருப்பமும் தவறவில்லை. சான்செரின் மலை தெரிந்தபோது திராட்சை இலைகள் மஞ்சளாகிச் சரிவெல்லாம் வெயிலில் கிடந்தன. அழகாகத்தான் இருந்தது, யாரிடம் சொல்ல?

ஒடீல் அங்கே கணவன் இல்லாமல் தனியாகத் தோட்டம் பார்ப்பவள். அறுபத்தைந்து வயது, ஆண்பிள்ளை பூட்ஸ், எதையும் சுற்றிவளைத்துப் பேசாத வாய். மரிவோனுக்கும் அவளுக்கும் வருடாவருடம் ஒரு தகராறு உண்டு. சான்செரில் இரண்டே முத்தம்தான். ஒடீல் இரண்டு வைத்து முகத்தை எடுத்துவிடுவாள். மரிவோன் மூன்றாவதுக்குக் கன்னத்தை நீட்டிக்கொண்டு அந்தரத்தில் நிற்பாள்.

"நாலு குடுத்தா உன் சொத்து கரைஞ்சிடுமா?" என்பாள் மரிவோன்.

"ரெண்டுலயே அன்பு போய்ச் சேந்துடும். உங்க ஊர்லதான் மெதுவாப் போகுது" என்பாள் ஒடீல். ஒரு வருடம்கூட விட்டுக்கொடுத்ததில்லை. பிறகு இருவரும் ஆட்டுப்பால் சீஸை வைத்துக்கொண்டு ஊர்வம்பு பேசுவார்கள். நான் போய் டயரில் காற்றைப் பார்ப்பேன்.

கீழே நிலவறையில் ஒடீல் எனக்கு இரண்டு வைத்தாள். நானும் ஒழுங்காக இரண்டோடு நின்றேன்.

"அவ எங்க?"

"கார்ல." இந்த முறை நாக்கே தானாகச் சொல்லிவிட்டது.

ஒடீல் ஒரு கோப்பையை எடுத்தாள். அதை நிரப்பினாள், என் கையில் தராமல் படியேறினாள்.

"ஒடீல், இருங்க, நான் கொண்டு போறேன். தூங்கறா. தலை வாரலை. அவளுக்கு..."

"நீங்க பேசாம உக்காருங்க ஃபிர்மின். பொம்பளைங்க பேச்சு."

படியில் அவள் பூட்ஸ் சத்தம் கேட்டது. பிறகு சரளைக்கல். பிறகு நின்றது. நான் ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்துவிட்டேன். ஓடிப்போய்த் தடுத்திருக்கலாம், தடுக்கவில்லை. காரின் கதவு திறந்தது. பெல்ட் கழலும் ஓசை. கதவு மூடிக்கொண்டது.

எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது. மேலே போனேன். ஒடீல் மரிவோனின் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். லூசியனின் பெட்டி அவள் மடியில். பெட்டிமேல் பாதி ரொட்டி. கையில் காலிக் கோப்பை. பின்னால் சாமந்தி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

நான் சுற்றிப் போய் ஸ்டியரிங்குக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"எப்போ?" என்றாள்.

"மார்ச் ஒம்பதாம் தேதி. தூக்கத்துல."

"எனக்கு ஒரு கடுதாசி போடத் தோணலையா?"

"போட்டா நீங்க நம்பிடுவீங்க."

அவள் மூக்கைச் சட்டைக் கையில் துடைத்தாள். "லூசியனுக்குத் தெரியுமா? அந்த வூவ்ரே பையனுக்கு?"

"அவங்ககிட்டயும் கார்ல இருக்கான்னுதான் சொன்னேன். லூசியன் ஒயின்ல மாடு இல்லன்னு அவ சொன்னதாக்கூடச் சொன்னேன்."

அழுதுகொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வெடித்துவிட்டது. எனக்கும்தான். இரண்டு கிழங்கள் நிறுத்திய காருக்குள் மடியில் பெட்டியோடு சிரித்துக்கொண்டிருந்தோம்.

"மூணு ஊர்ல மட்டும் அவ சாகாம இருந்தா, ஒடீல். எங்க ஊர்ல இப்பல்லாம் பேரைக்கூடச் சொல்ல மாட்டேங்கறாங்க."

"நான் சொல்லுவேன். இங்க அவளைப் பத்தி நான் தெனமும் பேசுவேன், வேலைக்கு வர்ற பசங்க காதைப் பொத்திக்கற வரைக்கும்." கோப்பையைத் தூக்கிக் காட்டினாள். "இதைக் குடிச்சிருந்தா என்ன சொல்லியிருப்பா?"

நான் யோசித்தேன். எனக்கு ஒயின் தெரியாது, ஆனால் அவளைத் தெரியும். "மலைமேல உக்காந்துக்கிட்டு இவ்வளவு புளிப்பு எதுக்குடின்னு கேட்டிருப்பா."

"கேட்டிருப்பா." ஒடீல் தலையசைத்தாள். "நாளைக்குத் திரும்பிப் போறப்ப ரெண்டு இடத்துலயும் நிறுத்துங்க. சொல்லுங்க. அந்தப் பையன் குல்லாவுக்குக் காத்துக்கிட்டு இருப்பான், பாவம். பாதிக் குல்லாவை எனக்கு அனுப்புங்க, நான் முடிக்கறேன்."

"சரி" என்றேன்.

பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு இறங்கினாள். அதை இருக்கையில் வைத்துவிட்டு நானும் இறங்கினேன். உள்ளே போவதற்கு முன் என் தோள் இரண்டையும் பிடித்து, வலக் கன்னத்தில் ஒன்று வைத்தாள், இடக் கன்னத்தில் ஒன்று. அவள் ஊர் வழக்கம் தெரிந்தவன் என்பதால் முகத்தை எடுக்கப் போனேன். அவள் தோளை விடவில்லை. மறுபடி வலக் கன்னத்துக்கு வந்தாள்.

மூன்றாவதிலேயே நான் அழ ஆரம்பித்துவிட்டேன். நான்காவது வரும்வரை அவள் என்னை விடவில்லை.