ஏழாம் வால்வின் மஞ்சள் கோடு

பெட்டியைப் பிரித்ததுமே காசுபாவுக்கு வயிறு எரிந்தது. எட்டு போல்ட் போட்டு இறுக்குகிற மேல்மூடி உள்ள வால்வுதான் வேண்டும் என்று அவள் எழுதிக் கேட்டிருந்தாள். முஃபுலிரா செம்பு ஆலையின் கொதிகலன் கூடத்தில் வந்து இறங்கியவையோ, பாட்டிலுக்கு மூடி திருகுவதுபோல் மேல்மூடியை மரையில் திருகி மாட்டுகிற பன்னிரண்டு வால்வுகள்.

"நீராவிக்கு இது ஆகாது சார். திறக்கிற சக்கரம் இறுகிப்போனா நம்ம ஆளுங்க அதுல இரும்புக் குழாயைச் செருகி நெம்பித்தான் திருப்புவாங்க. திறக்கிற பக்கம் முரட்டுத்தனமா திருப்புனா சக்கரத்துத் தண்டோட சேர்ந்து மூடியும் கழண்டுக்கும்."

பொறியாளர் சிச்சோனே சிரித்தார். "ஃபிட்டரம்மாவுக்கு எதைப் பார்த்தாலும் பயம்தான்."

"அப்ப மூடி சுத்தாம இருக்க ஓரத்துல ஒரு சொட்டு வெல்டிங்காவது வைக்க விடுங்க."

"வெச்சா வித்தவன் உத்தரவாதம் போச்சு. தொடாதே."

இந்த மனுஷனிடம் பேசுவதும் சுவரிடம் பேசுவதும் ஒன்றுதான். அவள் பெயிண்ட் டப்பாவை எடுத்தாள். ஒவ்வொரு வால்விலும் மூடியிலிருந்து உடல்வரை நேராக ஒரு மஞ்சள் கோடு போட்டாள். மூடி நகர்ந்தால் கோடு ஒடிந்து காட்டிக்கொடுக்கும்.

கொதிகலன் ஓட்டுகிறவன் அவள் புருஷன் சோம்பா. குழாய் செருகித் திருப்புவதில் முதல் ஆள். மதியம் ந்ஷிமா என்கிற மக்காச்சோளக் களியை உருட்டிக் கருவாட்டுக் குழம்பில் தொட்டபடி, வழக்கம்போலப் பிள்ளை பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டுக் கிண்டல் செய்தான்.

"முதாலே அம்மா, வால்வுக்கெல்லாம் சாயம் பூசி கல்யாணத்துக்கா அனுப்பப்போறே?"

"நல்லா சிரிங்க. கோடு ஒடிஞ்சிருந்தா சக்கரத்துல கை வைக்கமாட்டேன்னு பிள்ளை மேல சத்தியம் பண்ணுங்க."

"சரி தாயே, சத்தியம். கோடு நேரா இருந்தாத்தான் தொடுவேன்."

மூன்றாம் மாதம் ஏழாம் வால்வின் கோடு ஒடிந்தது. விரல் அகலத்துக்கு மூடி விலகியிருந்தது. காசுபா புகார்ப் புத்தகத்தில் எழுதினாள், தொடக்கூடாது என்று சக்கரத்தில் சிவப்பு அட்டை கட்டினாள், சோம்பாவை இழுத்துவந்து காட்டினாள். பிறகு மூன்று நாள் விடுப்பில் அம்மா வீட்டுக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைநகரத்திலிருந்து ஆய்வாளர்கள் வந்தார்கள். கூடம் பளிச்சென்று இருக்கவேண்டும் என்றார் சிச்சோனே. சிவப்பு அட்டை குப்பைக்குப் போனது. சாயக்காரன் ஒடிந்த கோட்டைச் சுரண்டிவிட்டு, மூடி விலகி நின்ற இடத்திலேயே புதிதாக, நேராக, அழகாக ஒரு கோடு இழுத்தான். மறுநாள் ஏழாம் வால்வு இறுகிக்கொண்டது. சோம்பா குழாயைச் செருகித் திருப்பினான். மூடி பிய்த்துக்கொண்டு பறந்தது.

விசாரணையில் சிச்சோனே ஆய்வாளர்கள் எடுத்த படத்தைக் காட்டினார். "கோடு நேரா இருக்கு பாருங்க. மூடி நல்லாத்தான் இருந்துச்சு. ஓட்டுனவன் முரட்டுத்தனம்." காசுபா எழுதிய பக்கத்தை ஒருவரும் புரட்டவில்லை. காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது அவளுக்கு.

ஆஸ்பத்திரியில் சோம்பாவுக்கு முகமெல்லாம் கட்டு. இரண்டு கையையும் எடுத்துவிட்டார்கள். காலடிச் சத்தத்திலேயே அவளைத் தெரிந்துகொண்டான்.

"கோவப்படாதே முதாலே அம்மா. சிவப்பு அட்டை இல்ல, கோடும் புதுசா இருந்துச்சு. நீ சொல்லி உன் ஆளுங்க சரி பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். சத்தியத்த மீறல."

"தெரியும்," என்றாள் காசுபா.

அவள் கற்றுக்கொடுத்த கோட்டை நம்பித்தான் அவன் சக்கரத்தில் கை வைத்திருந்தான்.