அவசரப் பையும் அசையாத தங்கவேலும்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனைவி கேட்ட ஒரு கேள்வியிலிருந்து வந்தது. போன புயலுக்கு நான் ஓர் அவசரப் பை கட்டினேன். உள்ளே சார்ஜர்கள், படிக்காத ஒரு புத்தகம், மிக்சர் பொட்டலம். அவள் திறந்து பார்த்துவிட்டு, வெள்ளம் வந்தால் மிக்சரைப் பிடித்துக்கொண்டு மிதப்பீர்களா என்று கேட்டாள். பதில் இல்லாதவன் என்ன செய்வான்? கதை எழுத உட்கார்ந்தேன். என்னைவிட விவரமான ஒருத்தி பை கட்டட்டும். பெயர் செல்வகுமாரி.

2

தொடக்கம், முதல் முயற்சி: "வானம் கருத்துத் திரண்டு, ஏதோ ஒரு —"

வேண்டாம். வெள்ளம் என்றால் வானத்தைப் பிடித்து இழுக்காமல் எங்களுக்கு எழுத வராது.

இரண்டாம் முயற்சி: பாகூர்ப் பக்கம், தென்பெண்ணைக் கரையோரத்து ஊர். மேலே அணையைத் திறந்துவிட்டார்கள் என்று காலையில் சேதி வந்தது. மதியம் டிராக்டர் வந்து எல்லாரையும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகும். செல்வகுமாரி பதறவில்லை. அவள் பை ஆடி மாதமே தயார்.

ரேஷன் கார்டும் ஆதாரும் யார் வேண்டுமானாலும் எடுத்து வைப்பார்கள். அவளுடைய பெருமை, மற்றவர்கள் மறப்பதில் இருந்தது: பழைய மூக்குக்கண்ணாடி, ஒரு கொத்து ஊக்கு, விசில், மெழுகில் தோய்த்த தீக்குச்சிகள். பிறகு வைத்தியம். சேற்றுப்புண்ணுக்கு மஞ்சள் குழைத்த வேப்பெண்ணெய், உப்புசத்துக்கு ஓமம், இருமலுக்குச் சுக்கு, நீர்க்கடுப்புக்கு நெருஞ்சில்.

(அடியில் போட வேண்டிய குறிப்பு: வயிற்றுப்போக்குக்கு உப்பு, சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் வைத்திருக்கிறாள். பிடிவாதக்காரிதான், முட்டாள் இல்லை.)

எல்லாம் சரி. அவள் புருஷன் தங்கவேல் மட்டும் வர மாட்டேன் என்றார்.

3

ஏன் வர மாட்டார்? எழுதுகிற எனக்கே தெரியவில்லை.

"மாட்டை விட்டுவிட்டு எப்படி —" மழை எச்சரிக்கை கேட்டதுமே, நேற்றே மாட்டை மடுகரை மகள் வீட்டுக்கு ஓட்டிவிட்டார்கள். மோட்டார்? கழற்றிப் பரணில் ஏற்றியாயிற்று. "பிறந்த மண்ணின் மேல் அவர் கொண்ட —" என்று எழுதும்போதே எனக்குச் சிரிப்பு வந்தது. கூரை ஒழுகும்போதெல்லாம் அந்த வீட்டைக் கெட்ட வார்த்தையில் திட்டுகிற மனுஷன் அவர். போன வருஷம் இடுப்பளவு தண்ணீர் வந்த வீடு அது. இந்த வருஷம் அதற்கு மேல் வரும் என்கிறார்கள். அவருக்கு நீச்சல் தெரியாது.

செல்வகுமாரி கெஞ்சினாள், திட்டினாள், சோறு போட மாட்டேன் என்றாள். நாற்காலியை வாசலில் போட்டு உட்கார்ந்தவர் அசையவே இல்லை.

4

பையை மறுபடி அடுக்கிக்கொண்டே, நெருஞ்சில் கொஞ்சம் கூடுதலாக வைக்கட்டுமா என்று பேச்சுவாக்கில் கேட்டாள். தங்கவேலின் முகம் சுருங்கியது.

"அத எடுக்காத."

"இன்னாத்துக்கு?"

தங்கவேல் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டார். செல்வகுமாரிக்குப் போன வருஷம் அதே பள்ளிக்கூடத்தில் தங்கிய முகாம் ஞாபகம் வந்தது. கழிப்பறைக்கு வரிசையில் நிற்க அலுத்துப் பெண்களெல்லாம் அடக்கிக்கொள்கிறார்கள், கடுப்பு வரும் என்று, அண்டா நிறைய நெருஞ்சில் கஷாயம் காய்ச்சி வகுப்பறை முழுக்கக் குடிக்கவைத்தாள். புருஷனுக்கு உரிமையோடு இரண்டு தம்ளர். கடுப்பு யாருக்கும் வரவில்லை. ஆனால் நெருஞ்சில் நீரை இறக்குகிற சரக்கு; வரிசைதான் கொடிக்கம்பம் வரை நீண்டது. தங்கவேல் அந்த வரிசையில் நின்றார். பிறகு எங்கேயோ போய் மார்பு வரை நனைந்து வந்தார்.

"அன்னிக்கு வெள்ளத்துல வழுக்கி வுழுந்துட்டேன்னு சொன்னியே."

தங்கவேல் தெருவைப் பார்த்தபடி இருந்தார்.

"வுழல. நானாத்தான் எறங்கனேன். வேட்டி முழுக்க நனைஞ்சா எது இன்னான்னு யாருக்குத் தெரியும்."

(இந்த இடத்தில் ஓர் உவமை எழுதி அடித்தேன். வயதான ஒருவர் வெள்ளத்துக்குள் வேண்டுமென்றே நடந்து போகும்போது உவமைக்கு அங்கே வேலை இல்லை.)

செல்வகுமாரி அடுக்குவதை நிறுத்தினாள். அப்புறம், "ஊருக்கே காச்சி ஊத்தனவ நாந்தான்யா" என்றாள்.

நெருஞ்சில் பொட்டலத்தை வெளியே எடுத்து அலமாரியில் வைத்தாள். இரண்டு வேட்டி கூட வைத்தாள். பின்கட்டிலிருந்து, மூடி இறுக்கமாக உள்ள பெயிண்ட் வாளியைக் கழுவி எடுத்துவந்தாள். மூலையில் திரையாகக் கட்ட ஒரு பழைய புடவையையும் சுருட்டி அதற்குள் போட்டாள். தங்கவேல் வாளியைப் பார்த்தார். தலையைத் திருப்பிக்கொண்டார். எல்லார் எதிரிலும் அதைத் தூக்கிக்கொண்டு ஏறுவதைவிட வெள்ளமே தேவலை என்று அந்தக் கழுத்து சொன்னது.

5

டிராக்டர் வாசலில் வந்து நின்றது. பக்கத்துத் தெரு புகழ்வேந்தன்தான் ஓட்டிவந்தான். செல்வகுமாரி பையோடு ஏறி, வாளியை மடியில் வைத்துக்கொண்டாள்.

"இன்னா பெரிம்மா, வாளியில? கறிக்கொழம்பா?"

எல்லாரும் திரும்பினார்கள்.

"மூத்திர வாளிடா. எனக்குத்தான். சக்கர வந்ததுலேர்ந்து அடக்க முடியல. மூலையில பொடவ கட்டி வச்சிக்குவேன். யாருக்காச்சும் சிரிப்பு வந்தா இப்பவே சிரிச்சி முடிச்சிடுங்க."

(அவளுக்குச் சர்க்கரை இல்லை. எனக்குத் தெரியும், எழுதுகிறவன் நான்தானே.)

யாரும் சிரிக்கவில்லை. ஓர் அம்மாள் மட்டும் மெதுவாக, அந்தப் புடவைக்குப் பின்னால் தானும் வந்துபோகலாமா என்று கேட்டாள். தங்கவேல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றார்.

6

முடிவு, முதல் வகை: அவர் ஓடிவந்து ஏறுகிறார், மழை விடுகிறது. என் மனைவியே நம்ப மாட்டாள். இரண்டாம் வகை: டிராக்டர் அவரை விட்டுவிட்டு — எழுதக் கை வரவில்லை.

தெருமுனையில் தண்ணீர் தெரிகிறது. தங்கவேல் கதவைப் பூட்டிவிட்டு, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு டிராக்டருக்குப் பக்கத்தில் நிற்கிறார். இனி என்னால் ஆகாது. இவ்வளவு தூரம் படித்துவிட்டீர்கள், நீங்களும் இந்த டிராக்டரில்தான் இருக்கிறீர்கள். செல்வகுமாரிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் நீங்கள்தான்.

கொஞ்சம் நகர்ந்து உட்காருங்கள். அவரைப் பார்க்காமல், வேறு ஏதாவது பேசிக்கொண்டிருங்கள்.