ஒரு விரல் அகலத் தையல்

திங்கட்கிழமை காலை, படகுகள் எல்லாம் கிளம்பிப் போன பிறகு, நிவெஸின் ஞானஸ்நானத் துணியில் நான் கத்தரி வைத்தேன்.

துவைத்து வெளுத்துத் தரச் சொல்லித்தான் அவள் அதை என்னிடம் கொடுத்திருந்தாள். பழைய லேஸைக் கிழியாமல் துவைக்கத் தெரிந்தவள் என்று எங்கள் புரானோ தீவில் எனக்கு ஒரு பெயர் உண்டு. வரும் ஞாயிறு அவள் மகன் தாவிதேவுக்கு ஞானஸ்நானம். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அந்தத் துணியின் எட்டுத் துண்டுகளையும் ஒன்றாக இணைத்தவள் நிவெஸின் அம்மா ஸைரா. அவள் போய் ஆறு வருடம் ஆகிறது.

"அம்மா பாக்கக் குடுத்து வைக்கல. இதாவது அவன் மேல இருக்கட்டும்" என்று சொல்லி, மூன்று தாளில் சுற்றி என் கையில் வைத்துவிட்டுப் போனாள் நிவெஸ்.

அவள் என் ஓரகத்தி. என் கணவன் துல்லியோவின் அண்ணன் எர்மெஸின் மனைவி. நண்டுக் கூடைகளுக்காகச் சண்டை போட்டு இரண்டு வருடம் பேசாமல் இருந்த அண்ணன் தம்பி, இந்த வசந்தத்தில்தான் மறுபடி ஒரே படகில் ஏறியிருந்தார்கள். இவ்வளவும் தெரிந்தேதான் நான் கத்தரி வைத்தேன்.

எங்கள் தீவில் ஒரு பெண்ணுக்கு ஒரு தையல்தான். தாளில் வரைந்த கோட்டின் மேல் நூல் பதிப்பவள் ஒருத்தி, பூவை நிரப்புபவள் ஒருத்தி, பூவுக்குப் பின்னால் வலை போடுபவள் ஒருத்தி. அம்மாவின் தையல்தான் மகளுக்கும் வரும். ஒரு மேசை விரிப்பு முடிவதற்குள் அது ஏழு வீட்டு வாசல் ஏறி இறங்கிவிடும். லேஸ் பள்ளியை மூடிய பிறகு பத்து வருடமாக எந்தத் துணியும் எந்த வாசலும் ஏறவில்லை. எங்கிருந்தோ மூட்டை மூட்டையாக வந்த மெஷின் லேஸைக் கடைகளில் தொங்கவிட்டு விற்றார்கள்.

போன இலையுதிர்காலத்தில் என் தோழி டொரீனா எங்கள் ஆறு பேரைத் தன் சமையலறையில் கூட்டினாள்.

"ஆளுக்கு ஒண்ணு தெரியும். ஒருத்திக்கு ஒருத்தி சொல்லிக் குடுத்தா எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிடும். இதுக்குப் போயி பத்து வருஷமா அழுதுட்டு இருந்தோமா?"

அப்படித்தான் கற்றுக்கொண்டோம். நான் அவளுக்கு வலை சொல்லிக்கொடுத்தேன். "உன் வலையில சுறாவே தப்பிச்சுப் போயிடும்டி" என்று அவள் கையிலிருந்து பிடுங்கிப் பிரித்தேன். அடுத்த வாரம் அவள் எனக்குப் பூவுக்கும் பூவுக்கும் நடுவே நூலால் பாலம் கட்டச் சொல்லிக்கொடுத்தாள். "இது பாலமா? இதுல நடந்தா நேரா கால்வாய்க்குள்ளதான்" என்று பழி தீர்த்துக்கொண்டாள். குளிர்காலம் முடிவதற்குள் ஒரு விரிப்புக்கான பன்னிரண்டு துண்டுகளும் தயாராகி ஒரு பிஸ்கட் டப்பாவில் படுத்திருந்தன.

படுத்தே கிடந்தன. அவற்றை இணைக்கத்தான் ஆள் இல்லை. இணைத்த இடம் தெரியாமல் இணைப்பதுதான் கடைசி வேலை. அது ஸைராவின் வேலை. நிவெஸுக்கு அது தெரியும் என்று ஊரே நம்பியது. டொரீனா இரண்டு முறை போய்க் கேட்டாள்.

"அம்மா கதவைச் சாத்திக்கிட்டு செஞ்ச வேலை அது. எங்க வீட்டை விட்டு வெளிய போகாது" என்று இரண்டு முறையும் நிவெஸ் கதவைச் சாத்தினாள்.

மே மாதம் நகராட்சியிலிருந்து ஆட்கள் வருவதாக இருந்தது. முழு வேலை ஒன்றைக் காட்டினால் பழைய பள்ளியில் ஓர் அறை கிடைக்கும். இல்லையென்றால் அதையும் அலுவலகமாக்கிவிடுவார்கள். இந்த நேரத்தில் ஸைராவின் இணைப்பு என் சலவைத் தொட்டிக்குள் வந்து விழுந்தால் நான் என்ன செய்வேன்? சரியானதைச் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை.

ஒவ்வொரு தையலாகப் பிரித்தேன். ஊசி முனையால் நூலைத் தூக்கி, அது எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று வெண்ணெய்த் தாளில் பென்சிலால் வரைந்துகொண்டு, அதன் பிறகே வெளியே இழுத்தேன். ஒரு விரல் அகலம் பிரிந்ததும் நிறுத்தினேன். போதும், புரிந்துவிட்டது என்று நினைத்தேன். மறுபடி மூட உட்கார்ந்தபோதுதான் எதுவுமே புரியவில்லை என்று தெரிந்தது.

வரைந்தபடியே ஊசி போனது. ஆனால் நூல் முறுக்கிக்கொண்டு முடிச்சு விழுந்தது. செவ்வாய்க்கிழமை இரண்டு முறை போட்டுப் பிரித்தேன். புதன்கிழமை மூன்று முறை. பழைய லேஸின் ஓரம் என் விரல்களுக்குள் தளர ஆரம்பித்தது. இன்னும் இரண்டு முறை பிரித்தால் ஓரமே கையோடு வந்துவிடும்.

மதியம் துல்லியோ சாப்பிட வந்தபோது லேஸை, துவைத்து மடித்த துவாலைகளுக்கு அடியில் மறைத்தேன்.

"இன்னிக்கும் வெறும் போலெந்தாக் கூழா? மூணு நாளா வீட்டுல மீனே இல்ல. மீன்காரன் பொண்டாட்டி நீ."

"நாளைக்கு வைக்கிறேன்."

"எர்மெஸ் இன்னிக்கு சிரிச்சான், எலிதே" என்றான் அவன், ரொட்டியைப் பிய்த்தபடி. "கயிறு வழுக்கி நான் தண்ணியில விழுந்தேன். அதப் பாத்து சிரிச்சான். ஞாயித்துக்கிழமை எனக்குப் பக்கத்துலதான் உக்காருவியான்னு கேட்டான்."

நான் துவாலைக் குவியலை இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் தள்ளிவைத்தேன்.

வியாழக்கிழமை டொரீனாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் நாற்காலியில் உட்காரவே இல்லை.

"நிவெஸோட துணியா? ஸைரா போட்டதா?" குரலைத் தாழ்த்தினாள். "உன்ன நான் கெட்டிக்காரின்னு நெனச்சேன். ஊருக்கெல்லாம் சொல்லிட்டும் வந்தேன்."

"திட்டுறத அப்புறம் திட்டு. இதப் பாரு. வரைஞ்ச மாதிரியே போறேன், ஆனா நூல் படுக்க மாட்டேங்குது."

கண் சரியாகத் தெரியாததால் அவள் வெண்ணெய்த் தாளை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். நான் எதிரே ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். மெல்லிய தாளில் கோடுகள் பின்பக்கமும் தெரிந்தன. ஒரே படம்தான். ஆனால் பின்னாலிருந்து பார்த்தபோது ஒவ்வொரு நூலும் என் கை போக விரும்புகிற பக்கமாகவே போனது.

"டொரீனா, ஸைரா சூப்பு குடிச்சது எந்தக் கையில?"

"இடது கையில. சிலுவை போட மட்டும்தான் அவளுக்கு வலது கை." சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

தாளைத் திருப்பி வைத்துத் தைத்தேன். அன்று வெளிச்சம் இருக்கும்வரை பாதி, வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் மீதி. நூல் சொன்னபடி கேட்டது. இணைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் ஸைரா போட்ட தையல்கள் ஒரு பக்கம் சாய, நான் போட்ட ஒரு விரல் அகலம் மட்டும் எதிர்ப்பக்கம் சாய்ந்தது.

"நம்ம மணிக்கூண்டும்தான் சாஞ்சிருக்கு. இத்தன வருஷமா விழுந்துடுச்சா?" என்றாள் டொரீனா. "யாரு பாக்கப் போறா? வாய மூடிக்கிட்டு குடுத்துடு."

அப்படித்தான் முடிவு செய்தேன்.

சனிக்கிழமை பத்து மணிக்கு நிவெஸ் வந்தாள். தாவிதே கூடையில் தூங்கிக்கொண்டிருந்தான். நான் துணியை மேசையில் விரித்தேன். வெளுத்து, பனி மாதிரி இருந்தது.

"உன் கை கைதான்" என்றாள் நிவெஸ். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, இணைப்பின் மேல் ஒரு விரலை வைத்து மெதுவாக இழுத்துக்கொண்டே போனாள். "சின்ன வயசுல இப்பிடித்தான் தடவுவேன். பூனை முதுகு மாதிரி. இந்தப் பக்கமாப் போனா வழவழன்னு…"

விரல் நின்றது. பின்னால் வந்து மறுபடி போனது. அதே இடத்தில் மறுபடி நின்றது. கண்ணைத் திறந்தாள்.

நான் எதுவும் சொல்லாமல் இருந்திருக்கலாம். பழைய நூல், தண்ணீரில் இழுத்திருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பொய் நாக்கு நுனி வரை வந்தது. கூடையில் பிள்ளை ஒரு முறை புரண்டு படுத்தான்.

"நான்தான் பிரிச்சேன்" என்றேன். "எப்பிடிப் போட்டிருக்காங்கன்னு பாக்க. அப்புறம் மூடிட்டேன்."

நிவெஸின் முகம் சிவக்கவில்லை, வெளுத்தது. வெளியே யாரோ படகைக் கட்டும் சத்தம் கேட்டது. எர்மெஸும் துல்லியோவுமாக இருக்குமோ என்று ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.

"கத்தரியக் குடு" என்றாள்.

"நிவெஸ், நாளைக்குக் காலையில…"

"கத்தரியக் குடுன்னு சொன்னேன். என் அம்மா துணியில உன் தையல் இருக்கக் கூடாது."

கொடுத்தேன். அவள் ஒரு விரல் அகலத்தையும் வெட்டிப் பிரித்தாள். நான் இரண்டு நாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டதைப் பிரிக்க அவளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. ஊசியில் நூல் கோத்து, இடது கையில் பிடித்துக் குனிந்தாள்.

நான் காத்திருந்தேன். அந்த நேரத்திலும், வெட்கமில்லாமல், ஒரு பக்கம் ஆசையாகத்தான் இருந்தது. கடைசியில் பார்க்கப்போகிறேனே.

ஊசி லேஸின் ஓரத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது. அரை அங்குலம் நகர்ந்து இன்னோர் இடத்தைத் தொட்டது. திரும்பி வந்தது. அவள் மேலுதட்டில் வியர்வை துளிர்த்தது. பதினோரு மணி அடித்தது. ஊசி இன்னும் ஒரு முறைகூட உள்ளே போகவில்லை.

"நிவெஸ்" என்றேன்.

"பேசாத."

தாவிதே விழித்து அழ ஆரம்பித்தான். அவனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு சமையலறையைச் சுற்றி நடந்தேன். அவள் தலை நிமிரவே இல்லை. மேசைத் துணியில் ஒரு சொட்டு விழுந்தது. லேஸில் விழாதபடி சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றாள் சுவரைப் பார்த்து. "அம்மா இணைக்க உக்காரும்போதெல்லாம் என்ன ரொட்டி வாங்க அனுப்பிடுவா. ஊர்ல எல்லாரும் ஸைரா பொண்ணு, ஸைரா பொண்ணுன்னாங்க. தெரியாதுன்னு எப்பிடிச் சொல்ல?"

"டொரீனா வந்தப்ப சொல்லியிருக்கலாமே."

"அவகிட்டயா? சாயங்காலத்துக்குள்ள மணிக்கூண்டுலேருந்து அடிச்சுச் சொல்லியிருப்பா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. மேசையில் துணி ஒரு விரல் அகலம் வாயைத் திறந்துகொண்டு கிடந்தது. ஞானஸ்நானத்துக்கு ஒரு நாள்கூட இல்லை.

"நான் மூடிடறேன். ஆனா என் கை போட்டா எதிர்ப்பக்கம்தான் சாயும்" என்றேன்.

"வேண்டாம். அம்மா போட்ட பக்கமாவே இருக்கணும்."

"அப்ப நீதான் போடணும்."

அவளைப் பிள்ளைக்குப் பால் கொடுக்க வைத்தேன். அவன் மறுபடி தூங்கியதும் இரண்டு நாற்காலிகளை ஜன்னலுக்குக் கீழே எதிரெதிரே போட்டேன், முட்டியும் முட்டியும் இடிக்கிற மாதிரி. அலமாரியிலிருந்து பிஸ்கட் டப்பாவை எடுத்து, எங்கள் பன்னிரண்டு துண்டுகளில் இரண்டை என் மடியில் வைத்துக்கொண்டேன். அவள் மடியில் அவள் அம்மாவின் துணி.

"என் மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு. கண்ணாடியில பாக்குற மாதிரி நெனச்சுக்கோ. நான் வலது கையில செய்றத நீ இடது கையில செய்."

என் ஊசி உள்ளே போனது. எதிரே அவள் ஊசியும் உள்ளே போனது.

"இப்ப நூல விரல்ல சுத்து. இழுக்காத. இழுத்தா சுருங்கும். அதுவா வரும்."

"வரலியே."

"வரும். நீ அதட்டுற, அதான் பயப்படுது."

ஆறாவது தையலில் அவள் தடுமாறினாள். பழைய ஓரத்தில் ஓர் இழை அறுந்தது. நான் என் ஊசியை அப்படியே நிறுத்திப் பிடித்துக்கொண்டேன். அவள் நூலைத் தளர்த்தி, அறுந்த இழையையும் சேர்த்து வளைத்துப் பிடித்தாள். அது நான் சொல்லிக்கொடுக்காதது. அவள் கையே கண்டுபிடித்தது.

துல்லியோ உள்ளே வந்து, அடுப்பில் ஒன்றுமில்லாததையும் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, அண்ணன் வீட்டுக்குச் சாப்பிடப் போனான்.

மாலை வெயில் ஜன்னலை விட்டு இறங்குவதற்குள் இரண்டு மடியிலும் வேலை முடிந்தது. நிவெஸ் கண்ணை மூடி விரலை வைத்து இழுத்தாள். ஆறாவது தையலில் விரல் லேசாகத் தட்டியது. அதைத் தாண்டிப் போனது.

"அங்க ஒரு முடிச்சு" என்றாள்.

"பிரிச்சுப் போடலாமா?"

"கத்தரியத் தொட்ட, கைய உடைச்சிடுவேன்."

துணியை மூன்று தாளில் சுற்றிக் கூடையில் பிள்ளையின் காலடியில் வைத்தாள். கதவு வரை போய், திரும்பாமலே நின்றாள்.

"எர்மெஸ்கிட்ட சொல்ல மாட்டேன். ஆனா இனிமே உங்கிட்ட ஒரு கைக்குட்டையகூடத் துவைக்கக் குடுக்க மாட்டேன், எலிதே."

"சரி."

"டொரீனா வீட்டுல எத்தன மணிக்குக் கூடுறீங்க?"

"புதன்கிழமை, மூணு மணிக்கு."

"நாற்காலி எதிர்ல போட்டு வைக்கச் சொல்லு" என்றாள். "பக்கத்துல உக்காந்தா எனக்குப் புரியாது."